பொந்தன்கள் எப்படி மூச்சு விட்டன?

முதலில் சத்தம்தான் வரும். தகரக் கூரையில் யாரோ கடலைக்கொட்டையை வாரி இறைத்ததுபோலக் குடுகுடுவென்று டி.வி. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி, திரையில் மண்ணாகக் காட்டப்பட்டிருந்த சாம்பல் கட்டங்களுக்குள் எங்கோ ஒரு பிராணி நகர்கிறது என்று எங்களுக்குத் தெரிவிக்கும். எங்கே என்று மட்டும் தெரிவிக்காது. மண்வெட்டி பிடித்த ஒரு குட்டி ஆளை நாங்கள் கீழே கீழே தோண்டவைத்துக்கொண்டு போக வேண்டும். பாதிக் குழியில் அவன் நிற்கும்போது பக்கத்துச் சுவரை உடைத்துக்கொண்டு அது வெளியே வரும். வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கத்துவேன், முரளி என்னைத் திட்டுவான், அவனுடைய அண்ணன் சேகர் மட்டும் சிரித்துக்கொண்டே விசையை அழுத்துவார். எனக்கு அப்போது வயது பதினொன்று. ஐம்பதைத் தொடப்போகிற இந்த வயதிலும், வீட்டில் தனியாக இருக்கும் சில மத்தியானங்களில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். முரளி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவன் அம்மா ராஜம்மாள் எனக்குப் பெரியம்மா முறை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவர்களுடைய தாய்மாமன் ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பெரியவர்களுக்குச் சேலையும் தைலமும் கொண்டுவந்ததோடு பிள்ளைகளுக்கென்று ஒரு "டி.வி. கேம்" பெட்டியையும் கொண்டுவந்துவிட்டார். மேலட்டையில் அந்தப் பிராணி ரத்தச் சிவப்பில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கருப்பு வெள்ளை டி.வி.யில் அது அடுப்புச் சாம்பல் நிறத்தில்தான் வரும். கூட வந்த புத்தகம் முழுக்க எது தலை எது கால் என்று சொல்ல முடியாத எழுத்து. ஆகவே அந்தப் பிராணிக்கு நாங்களே பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பொந்துக்குள் கிடப்பதால் "பொந்தன்" என்று வைத்தோம்.

பெயர் வைத்ததோடு விட்டிருக்கலாம். முரளிதான் ஒரு நாள் ஆரம்பித்தான். "ஏண்டி தேவகி, எப்பப் பாத்தாலும் மண்ணுக்குள்ளயே கெடக்குதே, இதுக்கு மூச்சு முட்டாது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது என்பதைவிட, தெரியாது என்று முரளியிடம் ஒப்புக்கொள்வது பெரிய கஷ்டம். அன்றிலிருந்து எங்களுக்கு அதே பேச்சாகிவிட்டது. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அட்டையில் "பொந்தன் நோட்டு" என்று எழுதி, யாருக்கு என்ன தோன்றினாலும் அதில் எழுதிவைக்க வேண்டும் என்றும், சேகர் அண்ணன் படித்துப் பார்த்து மார்க் போட வேண்டும் என்றும் ஏற்பாடு செய்துகொண்டோம்.

அண்ணன் மார்க் போடத் தகுந்த ஆள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்தவர். ஆனால் எந்தக் கல்லூரியிலிருந்தும் அவருக்குக் கடிதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு, சும்மா காற்று வாங்க வந்தவரைப்போலத் திரும்புவார். அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் ஊரூராகச் சாலை மறியல் நடந்த காலம். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள், பஸ்கள் நின்றுபோயின, கடைகள் சாத்திக் கிடந்தன. வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அதட்டி விரட்டாத சேகர் அண்ணனும் ஒரு கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மரம் வெட்டினார், மூன்றாவதுக்குத் தன் காலையே வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியம்மா அழுதுகொண்டே மஞ்சள் வைத்துக் கட்டினார். நானும் முரளியும் மறைவாகப் போய்ச் சிரித்தோம்.

சாய்ந்த மரங்கள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்ததால் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. டி.வி. இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. விளையாட முடியாமல் போன அந்த நாட்களில்தான் நாங்கள் பொந்தனை மிக அதிகமாக யோசித்தோம். ஆளில்லாதபோது அது மேலே வந்து, ஒட்டகம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறமாதிரி காற்றை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போகிறது என்று முரளி எழுதினான். அது எந்நேரமும் தூங்குகிறது, மணிக்கு ஒரு தடவைதான் அதன் இதயம் அடிக்கும், ஆகவே கொஞ்சம் காற்றே அதற்குப் போதும் என்பது அண்ணனின் கட்சி. "நாமதான் தோண்டித் தோண்டி அத்த எழுப்பி வுடறோம். சும்மா வுட்டா அது பாட்டுக்கும் கெடக்கும்," என்பார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. மண்ணுக்கே மூச்சு உண்டு, உள்ளே இருப்பவர்களுக்கு அது காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று நான் எழுதினேன்.

எழுதினால் போதாது, "ஆதாரம் இன்னா?" என்று அண்ணன் கேட்டார். ஆதாரம் தேடி வாய்க்கால் ஓரத்தில் கிளறி ஒரு பிள்ளைப்பூச்சியைப் பிடித்துவந்தேன். ஊறுகாய் பாட்டிலில் ஈரமண்ணைப் போட்டு, அதை உள்ளே விட்டு, வாயில் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்துச் சுற்றிலும் மண் குழைத்து இடைவெளியில்லாமல் பூசினேன். மூன்றாம் நாள் காலையில் உடைத்துப் பார்த்தால் பூச்சி உயிரோடு, மண்ணைத் தள்ளிக்கொண்டு குடைகிறது! அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடியே நோட்டை வாங்கி, நூற்றுக்கு நூறு என்று போட்டு, கீழே ஒரு கோட்டையும் இழுத்தார். கணக்குப் புலி போட்ட நூறு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முரளி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தங்கள் வீட்டுத் தானியக் குழியைக் காட்டினான். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தரைக்குள் வெட்டிய குழி அது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வாய், உள்ளே போகப் போகப் பானை வயிறு. கம்பை உள்ளே கொட்டி, பலகைக்கல்லால் மூடி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் பூச்சி விழாது. ஆனால் திறந்தவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டு, பிறகு சிம்னி விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். "வெளக்கு அணையாம நின்னாதான் எறங்கணும்," என்பார் பெரியம்மா. மண் காற்றுக் கொடுக்குமென்றால் விளக்கு ஏன் அணைகிறது என்பது முரளியின் கேள்வி. நான் அசரவில்லை. நெருப்புக்குத்தான் அவ்வளவு காற்று வேண்டும், உயிருக்குக் கொஞ்சம் போதும் என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். அப்படிப் பதில் சொல்வதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

போலீஸ் வருகிறது, மரம் வெட்டியவர்கள் பெயரெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு வந்ததும் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் கல்வராயன் மலைக்குப் போய்விட்டார்கள், பெரியப்பாவும் போனார். அண்ணனால் அந்தக் காலோடு மலை ஏற முடியவில்லை. கடை இல்லாததால் இரண்டு நாள் முன்பே குழியைத் திறந்து, விளக்கு விட்டுப் பார்த்து, சமையலுக்கு வேண்டிய கம்பை எடுத்திருந்தார்கள். அன்று காலை அதைத் திரும்ப மூடுவதற்காகப் பெரியம்மா இரும்புச் சட்டியில் மண் குழைத்துக்கொண்டிருந்தார். அப்போது கீழத்தெருவிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, மரத்தையெல்லாம் தாண்டி நடந்தே வந்துகினு இருக்காங்க என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பெரியம்மாவுக்கு வேறு இடம் தோன்றவில்லை. "குழியில எறங்குடா!" என்றார். அண்ணன் கயிற்றைப் பிடித்து நொண்டிக்கொண்டே இறங்கினார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பலகைக்கல்லை இழுத்தோம். ஒரு பக்கத்தில் பாதிச் செங்கல்லை முட்டுக்கொடுத்து நாலு விரல் சந்து விட்டு, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டு, மண் ஒட்டிய கையோடு பெரியம்மா வாசலுக்கு ஓடினார்.

நான் அங்கேயே நின்றேன். வைக்கோலுக்குக் கீழே கல் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கே தெரிந்தால் போலீஸுக்குத் தெரியாதா? மூடிய குழி என்றால் வழவழவென்று பூசியிருக்க வேண்டும் அல்லவா? வைக்கோலைத் தள்ளிவிட்டு, முரளியைக் கடப்பாரையால் நெம்பச் சொல்லி, செங்கல்லை உருவினேன். கல் உட்கார்ந்தது.

"அண்ணனுக்குக் காத்து?" என்றான் முரளி.

"மண்ணுலதான்டா இருக்குது காத்து. ஈரமா பூசனா இன்னும் நல்லா போவும். நோட்டுல இருக்குது இல்ல?" என்றேன் நான்.

சட்டியில் இருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, கல்லைச் சுற்றி அப்பி, தட்டித் தட்டிப் பூசினேன். பாட்டிலுக்குப் பூசியதைவிடக் கவனமாகப் பூசினேன். வைக்கோலைத் திரும்பவும் பரப்பிவிட்டு, மாட்டுத்தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டேன்.

நாலு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வயதானவர், ஒருவர் சேகர் அண்ணனைவிட நாலைந்து வயதே மூத்தவராக இருப்பார். பையன் எங்கே என்று கேட்டார்கள். "மலைக்கிப் பூட்டானுங்க. மூணு நாளாச்சுங்க," என்றார் பெரியம்மா. வீட்டுக்குள் பார்த்தார்கள், பரண் மேல் பார்த்தார்கள், கொட்டகைக்கு வந்தார்கள். இளையவர் பூட்ஸ் காலால் வைக்கோலைத் தள்ளினார். கீழே புதிதாகப் பூசிய ஈரமண், ஒரு கீறல் இல்லாமல். மூடின குழிதானே என்று அவர் நகர்ந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாராட்டுவாரென்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. அவர் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தார். கைகளில் மண் காய்ந்திருந்தது.

அவர்கள் போய்விடவில்லை. பையன் சாப்பிட வருவான் என்று நினைத்தார்களோ என்னவோ, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மரமெல்லாம் தாண்டி நடந்துவந்த களைப்பு வேறு. கொட்டகைக் கூரையின் நிழல் சுருங்கிச் சுருங்கித் தொட்டியோரம் வந்து சேர்ந்தது. முரளி என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், நான் அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். நான் பயப்படவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. எனக்கு ஒரு துளி பயம்கூட இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய விஷயம் அது.

பெரியம்மாதான் கடைசியில் எழுந்தார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர்கள் கண் முன்னாலேயே குழிக்கு ஓடிப் பூச்சைக் குத்தி உடைத்தார். "எம் புள்ள உள்ள இருக்கான்ங்க! அடிங்க, ஜெயில்ல போடுங்க, இன்னா வேணா பண்ணுங்க, மொதல்ல எடுங்கய்யா!" என்று கத்தினார். நாலு பேரும் பாய்ந்து வந்து கல்லைப் புரட்டினார்கள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக, புளித்த கம்பு வாசனையோடு ஆவி வந்தது. இளையவர் குதிக்கப் போனார். வயதானவர் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்து, விளக்கைக் கேட்டார். அவரும் எங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். விளக்கு இறங்கியது. ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை, யாரோ ஊதினாற்போல அணைந்துவிட்டது.

வேப்பங்கிளைகளை ஒடித்துக் கட்டிக் கயிற்றில் விட்டு மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்தார்கள். பிறகு இளையவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சேகர் அண்ணன் மேலே வந்தபோது அவர் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. மூச்சு இருந்தது, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்த நாலு போலீஸ்காரர்களும் சின்னசேலத்துக்கு ஓடினார்கள். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு புளியமரத்துக்கும் கட்டிலை இறக்கி, அந்தப் பக்கம் மாற்றித் தூக்க வேண்டியிருந்தது. அந்த மரங்களில் இரண்டு அண்ணன் வெட்டியவை.

யார் பூசினது, ஒரு சந்துகூட விடாமல் யார் பூசினது என்று அன்று சாயங்காலம் ஊரே கேட்டது. பெரியம்மா தன் மண் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான். மண்ணு கொழச்சிக்கினு இருந்தேன், பதட்டத்துல இன்னா பண்றோம்னு தெரியாம பூசிட்டேன். பாவி நான்தான்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினார். முரளி என்னைப் பார்த்தான். நான் என் கைகளைப் பார்த்தேன். அவை சுத்தமாக இருந்தன. நோட்டை மறுநாள் எங்கள் வீட்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

அண்ணன் பிழைத்தார். ஆனால் அந்தக் கணக்குப் புலி திரும்பி வரவில்லை. பழையதெல்லாம் ஞாபகம் இருக்கும். காலையில் சாப்பிட்டதா இல்லையா என்பது இருக்காது. இரண்டு எண்ணைக் கூட்டச் சொன்னால் பாதியில் எந்த எண் என்று கேட்பார். வழக்கு கிழக்கெல்லாம் அவரைப் பார்த்தபிறகு தானாக நின்றுபோயிற்று. இரண்டொரு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அதில்தான் பிறகு எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, முரளிக்கும் படிக்க இடம் கிடைத்தது. நான் பள்ளிக்கூட டீச்சராகிப் பத்து வருஷம் ஆனபிறகும் என்னைக் கண்டால் அண்ணன், "தேவகி, ஒனக்கு சீட்டு வந்துடுச்சா?" என்று ஆசையாகக் கேட்பார். வந்துவிட்டது என்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷப்படுவார்.

பெரியம்மா அதற்குப் பிறகு மண்ணைக் கையால் தொட்டுப் பூசவே இல்லை. தரை மெழுகுவது, அடுப்புக்குப் பூசுவது எல்லாம் முரளிதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நான்தான் பூசனேன், நான்தான் ஒடச்சேன்," என்று சொல்லுவார். என் காதால் அதை நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். என் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம், பிள்ளை பிறந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் செத்த அன்று, பிணத்தின் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் என் மகன் தன் போனில் ஒரு பக்கத்தைக் காட்டினான். எங்கள் பொந்தன் விளையாட்டேதான். அதற்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது. மண்ணுக்குள் அந்தப் பிராணிகள் எப்படி உயிர் வாழ்கின்றன என்று எந்தெந்த தேசத்திலோ இருப்பவர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார்கள். அவை ஆவிகள் என்கிறார் ஒருவர், செடிகள் என்கிறார் ஒருவர், சுரங்கத்தில் எவ்வளவு காற்று இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார் ஒருவர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் முழுவதும் படித்தேன். மண் மூச்சு விடும் என்று யாரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது சேகர் அண்ணனிடம் அதைச் சொன்னேன். பொந்தன் பேரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் பெஞ்சைத் தட்டினார். மெதுவாக, ஒரே சீராகத் தட்டினார்.

"சின்னக் கை," என்றார்.

"இன்னாண்ணா?"

"மேல பூசனது. தட்டற சத்தம் உள்ள கேட்டுச்சி. அம்மா கை பெருசு, இது சின்னக் கை. நல்லா பூசன தேவகி. ஒரு ஓட்ட இல்ல." என் பிள்ளைப்பூச்சிக்கு மார்க் போட்ட அதே சிரிப்பு.

"அம்மாகிட்ட ஏண்ணா சொல்லல?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எத்த?" என்றார். அவருக்கு அது போய்விட்டிருந்தது. ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். அவர் டீயை எடுத்து ஊதிக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் அவரும் போய்விட்டார். தன் மாமனைப்போலவே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் முரளி, சாவுக்கு வந்து மூன்றாம் நாள் திரும்பினான். அன்றைக்கும் நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. குழியை முன்பே கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்து, மேலே சிமென்ட் போட்டு, வண்டி நிறுத்துகிறார்கள். அங்கே குழி இருந்தது என்று தெரிந்தவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இதை யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். முப்பது வருஷம் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு இருந்தார், முதலில் பக்கத்து வீட்டிலிருந்தும், பிறகு ஊருக்கு வரும்போதெல்லாமும் நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பூசினது நீங்கள் இல்லை, பெரியம்மா. நான்.